ஏழாம் நம்பர் கட்டில்

"மணியடிச்சு அரை மணி நேரம் ஆச்சு சிஸ்டர்!" நேற்று அவசர ஆபரேஷன் முடிந்து ஏழாம் நம்பர் கட்டிலுக்கு வந்தவர் சீறினார்.

"மன்னிச்சுக்குங்க சார். முப்பது பேருக்கு நான் ஒருத்திதான்" என்றாள் நர்ஸ், அவரை மெல்லப் புரட்டி, நனைந்த விரிப்பை உருவியபடி. "வார்டுக்கு ஒரு நர்ஸ் போதும்னு புது மேனேஜர் உத்தரவு. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன். நோயாளியைத் தொட்டுத் தூக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும்!"

அவர் போனை எடுத்தார்.

"ஆபீஸா? மேனேஜர் பேசறேன்."

இவர்தானா அந்த மேனேஜர்! வேலை போச்சு!

"அந்த ஒரு நர்ஸ் உத்தரவைக் கிழிச்சுப் போடுங்க. வார்டுக்கு மூணு பேர், இன்னிக்கு மதியத்துல இருந்தே. ஆமாய்யா, படுத்துப் பார்த்தாதான் புரியுது!"

நர்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.