மூன்றாவது டெஸ்ட்

சாமியம்மாள் காரின் முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, மாரியம்மனை நினைத்துக் கும்பிட்டாள்.

சிஸ்டர் அமலோற்பவம் ஜெபமாலையை உருட்டியபடி வானத்தைப் பார்த்தார். பழம் தன் கண்ணில் படவே இல்லை என்பது போல.

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, டிரைவிங் டெஸ்ட் நடக்கும் மைதானம். கம்மாபுரம் பக்கத்துக் காலனியிலிருந்து எட்டுப் பெண்கள் விடிந்ததுமே வந்துவிட்டார்கள்.

அவர்கள் களையெடுத்த வயல்களெல்லாம் சுரங்கத்துக்குப் போய்விட்டன. நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஏதோ கிடைத்தது. கூலிக்குப் போனவர்களுக்கு ஒன்றுமில்லை. அப்போதுதான் சிஸ்டரின் கன்னியர் மடம் அவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தது.

புளியமர நிழலில் காலனி ஆண்கள். நடுவில், சாமியம்மாளின் புருஷன் தங்கராசு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

இன்றைய டெஸ்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம். அந்த முடிவுக்காகக் காலனியில் இன்னும் ஆறு பெண்கள் காத்திருந்தார்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் விசில் அடித்தார்.

வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. நேர்ப்பாதையில் ஒழுங்காகப் போனது.

ரிவர்ஸ் எடுக்கச் சொன்னதும் இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. இன்ஸ்பெக்டர் துள்ளி ஒதுங்கினார். அவருடைய நாற்காலி தப்பவில்லை.

"கியரு தப்பு! கிளச்ச மிதிங்க, கிளச்ச மிதிங்க!" எட்டுப் பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "யாரும்மா நீங்கல்லாம்? டெஸ்ட்டுக்கு வந்தவங்களா?"

"நாங்க போன மாசமே பாஸ் பண்ணிட்டோம் சார்," என்றாள் சாமியம்மாள். "இன்னிக்கி எங்க சிஸ்டருக்கு. மூணாவது தபா."

கார்க் கதவு திறந்தது. சிஸ்டர் அமலோற்பவம் தலையைக் குனிந்தபடி இறங்கினார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது பற்றி மடம் காலனியில் கூட்டிய முதல் கூட்டத்தில் தங்கராசுதான் கேட்டிருந்தான்: "எங்க பொம்பளைங்கள ஓட்டச் சொல்றீங்களே, ஒங்களுக்கு ஓட்டத் தெரியுமா சிஸ்டர்?" அவர்களோடு சேர்ந்து தானும் லைசென்ஸ் வாங்கிக் காட்டுவதாகச் சிஸ்டர் அன்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மரத்தடியில் சிரிப்பு வெடித்தது. தங்கராசு சிரிக்கவில்லை.

"என்னாத்துக்குய்யா சிரிச்சிகினு நிக்கிறீங்க? எட்டு பேரு பாஸாயிருக்குதுங்க, அது கண்ணுல படலியா? நாளைக்கி அந்த ஆறு பேரையும் அனுப்புங்க."

பிறகு சிஸ்டரிடம் வந்தான்.

"வுடுங்க சிஸ்டர். சாயங்காலம் எங்க வூட்டுக்காரிய அனுப்புறேன். அவகிட்ட கத்துக்குங்க."

சிஸ்டர் சாமியம்மாளை ஒரு முறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவ ரொம்பத் திட்டுவாளே, தங்கராசு?"

"தெனமும் நான் வாங்கிகினுதான இருக்கேன். பழகிடும்."