பதினொரு மாதமாக உள்நுழையாத நிர்வாகி

டேப்லட் சோறு போட மறுத்தது.

லண்டன், தோர்ண்டன் ஹீத் மண்டபத்தில் மணி பன்னிரண்டே முக்கால். மேசையில் அறுபத்து நான்கு பெட்டிகள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு; வெள்ளி என்பதால் மரக்கறிதான். மேசைக்கு அந்தப் பக்கம் அறுபத்து நான்கு பேர். நடுவில் டேப்லட்.

ஒவ்வொருவரும் தங்கள் அட்டையை அதற்குக் காட்ட வேண்டும். அது பச்சை காட்டினால் பெட்டி கொடுக்கலாம். முன்பு இந்த வேலையை ஓர் அகப்பை செய்துகொண்டிருந்தது.

கொத்துரொட்டிக் கடை குலசேகரம் வெள்ளிதோறும் இலவசமாகச் சாப்பாடு கொடுப்பதைக் கவுன்சில் கண்டுபிடித்து, பாராட்டி, சிறுதொழில் டிஜிட்டல் மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்த்திருந்தது. கடைக்குப் புது அடுப்பும் டேப்லட்டும் வந்தன. அடுப்பு ஒருநாளும் தகராறு செய்ததில்லை.

இன்று திரையில் சிவப்பு எழுத்து.

நிர்வாகி ‘யனுஷன், த.’ பதினொரு மாதமாக உள்நுழையவில்லை. அவருடைய போனுக்கு அனுப்பிய கோட் எண்ணைப் பதியவும். பதிந்ததும் அவர் பெயர் நீக்கப்படும். புதியவரை நியமிக்கலாம்.

அதன் கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. ஒரு மணிக்குள் பதியாத பெட்டிகள் சுகாதார விதிப்படி குப்பை.

குலசேகரம், வெள்ளிதோறும் பெட்டி கொடுக்க உதவிக்கு வரும் யனுஷனைப் பார்த்தார்.

“பதினொரு மாசமா நீ உள்ளுக்கை வரேல்லையாமடா. அப்ப வெள்ளிக்கு வெள்ளி என்ரை முன்னாலை நிண்டது ஆர், உன்ரை ஆவியே?”

இந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று யனுஷனுக்குத் தெரிந்தது. சிரித்தான்.

“கோட் வந்ததே?”

“வரேல்லை அண்ணை.”

தன் போனை நீட்டிக் காட்டினான். வரவில்லைதான். குலசேகரம் மறுபடி அனுப்பச் சொல்லித் திரையை அழுத்தினார்.

மண்டபத்தில் ஹீட்டர் கொதித்தது. யனுஷன் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. அதன் இடது பைக்குள் ஏதோ துடித்து அடங்கியது.

குலசேகரம் உதவி எண்ணுக்கு அடித்தார். அங்கேயும் வரிசை. அவர் பத்தொன்பதாவது ஆள்.

இங்கே வரிசையில் முதல் ஆள் தவநாயகி அன்ரி. இரண்டு முழங்காலும் மாற்றியவர்.

“குலம், உந்தச் சிலேட்டுக்குப் பசியெண்டால் அதுக்கு முதல் தீத்துங்கோ. நாங்கள் நிக்கிறம்.”

வரிசை சிரித்தது. குலசேகரம் சிரிக்கவில்லை. திட்டம் போனால் அடுப்பும் போகும். மறுபடி அழுத்தினார். பை மறுபடி துடித்தது.

ஒரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம்.

யனுஷன் டேப்லட்டைக் குப்புறக் கவிழ்த்தான். முதல் பெட்டியை எடுத்துத் தவநாயகி அன்ரியின் கையில் வைத்தான்.

“டேய், ஸ்கான் பண்ணேல்லை...”

“குடுங்கோ அண்ணை. ஆறப்போகுது.”

கொடுத்தார்கள். ஏழு நிமிடத்தில் மேசை காலி. வழக்கமாக ஒரு மணி நேரம் பிடிக்கும்.

டேப்லட்டை நிமிர்த்தியபோது அது தானாகவே அறிக்கை தயாரித்துக் கவுன்சிலுக்கும் அனுப்பிவிட்டிருந்தது. உணவு பெற்றோர்: பூச்சியம். வீசப்பட்ட உணவு: அறுபத்து நான்கு பெட்டிகள். விதி சரியாகப் பின்பற்றப்பட்டதற்காகப் பச்சை காட்டியது.

குலசேகரம் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“உன்ரை பேரை எடுத்துப்போட்டு என்ரை பேரைப் போட்டால் அலுவல் முடிஞ்சுது. கோட் வந்தால் சொல்லு, என்ன?”

“ஓம் அண்ணை.”

பஸ்ஸின் மேல்தட்டில் இருந்தபிறகுதான் யனுஷன் இடது பைக்குள் கையை விட்டான்.

ஊதா உறை போட்ட போன். மூலையில் ஒரு வெடிப்பு. ஆறு செய்திகள் வந்திருந்தன. ஆறும் ஒரே மாதிரித்தான் தொடங்கின: வணக்கம், தர்மிகா யனுஷன்.

கடையைத் திட்டத்தில் பதிந்தவன் அவனல்ல. சமையலறை மேசையில், ஒரு கையில் தேத்தண்ணியோடு, படிவத்தை நிரப்பியவள் அவள். கலியாணத்துக்குப் பிறகு அவளுடைய கடைசிப் பெயர் அவனுடைய பெயர். கவுன்சில் கடைசிப் பெயரை முன்னால் போடும்; பின்னால் வந்த ‘த.’தான் அவள். குலசேகரம் அதற்கு மேல் வாசிக்கவில்லை.

அடுத்த மாதம் அவளுக்கு ஆண்டுத் திவசம்.

ஆறு செய்திகளில் ஒன்றையும் அவன் திறக்கவில்லை. அழிக்கவும் இல்லை. பட்டரி மூன்று வீதம் என்று காட்டியது. சார்ஜர் வீட்டில்.

நோர்பரியில் இறங்கி வீட்டுக்கு நடந்தான், சற்று வேகமாக.