ஹேத்தே போட்ட முந்தானை

நெய்யக் கொடுத்த புடவையின் முந்தானையில் போடச் சொல்லி கொரியா மேடம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கற்சிலைப் படத்தைப் பார்த்ததுமே தென்னரசு துள்ளினான்.

"ஹேத்தே! அவங்க ஊரு மிருகம். நெருப்பையே முழுங்கும், தப்பு பண்றவன முட்டித் தள்ளும். எத்தினி கொரியா சீரியல் பார்த்துகினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"மூக்கு இன்னா தும்பிக்கையாட்டம் தொங்குது?" என்றாள் மனைவி கலையரசி.

"செதுக்கனவன் தப்பு பண்ணிட்டான். நான் சரி பண்றேன் பாரு."

தும்பிக்கையை நீக்கி, உடம்பெல்லாம் செதில் வைத்து, கழுத்தில் மணி கட்டி டிசைன் போட்டான். கலையரசி ஒரு மாதம் தறியில் உட்கார்ந்து நெய்தாள்.

ஏழு வருடச் சென்னை வாசத்தில் தமிழ் பழகியிருந்த மேடம், ஆரணிக்கு வந்து புடவையை விரித்ததும் முகம் வாடினார்.

"எங்க ஊர் ஹேத்தே எனக்கு எதுக்குங்க? நான் கேட்டது யாளி!"

"யாளியா? எந்த ஊர்ல எடுத்தீங்க மேடம்?"

"உங்க தெருமுனை மண்டபத்துலதான். குறுக்கே நின்னவரை வெட்டிட்டு அனுப்பினேன்" என்று முழுப் படத்தையும் காட்டினார்.

யாளித் தூணில் முதுகைச் சாய்த்து, காதில் இயர்போனும் கையில் கொரியா சீரியலுமாகத் தென்னரசு நின்றிருந்தான்.