ஒரு டாங்கிள், இரண்டு பேர்

வெல்டிங் பட்டறை விபத்தில் நடேசனும் சுகந்தியும் பார்வையை இழந்தபோது, கம்பெனி இருவருக்கும் புதுக் கண்கள் பொருத்திக் கொடுத்தது. அவற்றை இயக்கும் லைசென்ஸ் டாங்கிளை மட்டும் வீட்டுக்கு ஒன்றுதான் கொடுத்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் நடேசன் அதைக் காதுக்குப் பின்னாலிருந்து கழற்றி மனைவியிடம் நீட்டுவான். அவனுக்கு இருண்டதும் அவளுக்கு விடியும்.

இன்று விடியவில்லை. சுகந்தி டாங்கிளை ஊதினாள், முந்தானையில் துடைத்தாள், மறுபடி செருகினாள்.

"லைசென்ஸ் வேறொருவரின் உபயோகத்தில் உள்ளது" என்றது காதுக்குள் குரல்.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இன்னொரு நாள் அதை விட்டால் வேலை போய்விடும்.

"ஏங்க, ஆஃப் பண்ணிட்டுத்தானே கழட்டினீங்க?"

"இல்ல புள்ள, அப்படியே புடுங்கிட்டேன். அப்படிப் புடுங்கினா கொஞ்ச நேரம் கண்ணு தெரியும்னாங்க. நீ முழிச்சு என்னைப் பாக்கறதை ஒரு தடவையாச்சும் பாக்கலாம்னு..."

"உங்களுக்கு அணைஞ்சாத்தானே எனக்கு வரும்?"

அவன் அதை யோசித்திருக்கவில்லை. அவளுக்குத் திட்டவும் தெம்பில்லை. குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, கண்களை அகலத் திறந்துகொண்டு நின்றாள்.

"இப்பப் பாருங்க."

"என்னைப் பாக்கற மாதிரியேதான் இருக்கு" என்றான். சற்று நேரத்தில், "இருட்டிருச்சு" என்றான்.

சுகந்திக்கு வெளிச்சம் வந்தது. நடேசன் அவளுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஓடு புள்ள, பஸ்ஸு."

"அது போயிருச்சுங்க" என்று அவன் எதிரில் உட்கார்ந்தாள்.