தணிகாசலத்தின் இனிஷியல்

பல்கலைக்கழக நூலகத்தின் பழைய புகைப்படங்களில் இருப்பவர்கள் யாரென்று சொல்ல, புதன்கிழமைதோறும் போவேன். கிழவன் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்வார்கள். தெரியாத முகமென்றால் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிவிடுவேன். 1952 மயிலாப்பூர் தெப்பத் திருவிழாப் படத்தில் குடையோடு நின்ற வாலிபனுக்குத் தணிகாசலம் என்று வைத்தேன்.

மறுவாரம் தரமணியிலிருந்து ஸ்வர்ணலதா என்ற பெண் வந்தாள்.

"இது எங்க தாத்தா தணிகாசலம்ங்க. கடைசி வரைக்கும் அவருக்கு இனிஷியலே கிடையாது. அப்பன் பேரு தெரியாதவன்னு தெருவே கிண்டல் பண்ணும். கேட்டா, 'பேரு வச்ச லைப்ரரி பெரியவரு போட மறந்துட்டாரு'ன்னுவாரு. அது நீங்கதானாய்யா?"

"தாத்தா எப்போம்மா தவறினார்?"

"தொண்ணூத்தொம்பதுலங்க. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு."

வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. பென்சிலை வாங்கி, பெயருக்கு முன்னால் என் அப்பாவின் 'ரா'வைப் போட்டுக் கொடுத்தேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அன்று சாயங்காலம் கூடத்துக் குடும்பப் படத்தைப் பார்த்தால், அப்பா பக்கத்தில் குடையோடு ஒரு வாலிபன் நிற்கிறான். அப்பாவின் கை அவன் தோளில் இருக்கிறது.

படத்தில் அம்மாவின் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.