அடி படாத மாப்பிள்ளை

மாமியார் கூடத்துக்குள் வந்தபோது மாப்பிள்ளை தரையில் சம்மணமிட்டுத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர் துப்பாக்கியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குள் போனார்.

"உங்க அம்மா என்னைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னே தெரியல" என்றான் மனைவியிடம்.

"நல்லதா நினைக்கிற மாதிரி கையில ஒண்ணும் இல்லையே உங்ககிட்ட."

துப்பாக்கி பிளாஸ்டிக்தான். தண்ணீரில் ஊறவைத்த ஜெல் குண்டுகளைச் சுடும். ஊருக்கு வெளியே ஒரு காட்டில், இரண்டு அணிகள் பட்டாளத்து உடுப்பு மாட்டிக்கொண்டு சண்டை போடும் விளையாட்டு. நேற்று அரை நாள் ஆடியாயிற்று. இன்று பொழுது சாயும்வரை.

இந்தப் பருவம் முழுக்க உடம்பில் ஒரு குண்டுகூடப் படாதவன் என்பதால் அணியில் அவனுக்கு 'இரும்பு' என்று பெயர். இன்றும் அப்படியே திரும்பிவிட்டால் அணித்தலைவர் பதவி அவனுக்குத்தான். கிடைத்துவிட்டதாக அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தான்.

பை வாயைப் பிளந்து கிடந்தது. கண்ணாடி, முகமூடி, முழங்கால் பட்டை, இரவெல்லாம் சார்ஜ் ஏறிய பேட்டரிகள், மாற்றுக் காலுறை என்று மனைவி எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். மருந்துப் பொட்டலம் கைக்கு வந்ததும் நின்றாள்.

"ஒரு அடிகூட படாதவருக்கு எதுக்குங்க பிளாஸ்திரி?"

"மத்தவங்களுக்கு."

"சரி, பட்டுச்சு, படலன்னு யாரு பார்த்துச் சொல்றது?"

"மரத்துக்கு ஒரு நடுவரா நிக்க முடியும்? குண்டு பட்டதும் உடைஞ்சு தண்ணியாப் போயிடும், கறைகூட இருக்காது. பட்டவனே கையைத் தூக்கிட்டு வெளிய வந்துடணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நாணயம்தாம்மா இந்த விளையாட்டுக்கு உயிர்."

சொல்லிவிட்டுக் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான்.

"கழுத்துக்குப் பின்னாடி என்னங்க, ரெண்டு வட்டமா சிவந்திருக்கு?"

"கொசு."

"அளவெடுத்துக் கடிச்ச மாதிரி இருக்கே."

அவன் காலரை இழுத்து விட்டுக்கொண்டான். நிமிர்ந்தபோது மாமியார் சமையலறை வாசலில் நின்றிருந்தார். அவன் கழுத்துப் பக்கமே சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார்.

இங்கே வந்து தங்கிய நாளிலிருந்து அவர் இப்படித்தான். சிலருடைய மௌனம் ஒரு மூலையில் கிடக்கும். இவருடையது வீடு முழுக்க நடமாடும். எந்த அறையில் எப்போது வந்து நின்றார் என்பதே தெரியாது.

"இன்னைக்கு நான் யாருக்கும் பயப்படல, அந்த மௌனச்சாமியைத் தவிர" என்றான்.

"அது யாரு?"

"எதிரணி ஆளு. தலையிலேர்ந்து கால் வரைக்கும் இலை தழையா மூடிக்கிட்டு கிடப்பான். முகத்தைக் காட்ட மாட்டான், வாயைத் திறக்க மாட்டான். எங்க ஆளுங்கள்ல பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினது அவன்தான்."

"உங்களை?"

"என்னையா? கிட்டவே வர முடியல அவனால."

சமையலறை மேடையில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. ஒன்றில் அவனுடைய ஆரஞ்சு நிறக் குண்டுகள் ஊறி, பட்டாணி அளவுக்கு உப்பியிருந்தன. இன்னொன்றில் மாமியாரின் ஜவ்வரிசி, கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"அத்தை, ரெண்டும் கலந்துடாம பார்த்துக்குங்க. என்னோடதைத் தப்பித் தவறி வாயில போட்டுட்டா வம்பு."

"கலக்காது மாப்பிள்ளை. என்னோடதை நீங்க தொடாம இருந்தா போதும்."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை. தன் குண்டுகளை மட்டும் வடிகட்டி டப்பாவில் நிரப்பிக்கொண்டு கூடத்துக்கு வந்தான்.

"அம்மாவும் இன்னைக்கு நாள் முழுக்க வெளியதானாம்" என்றாள் மனைவி. "நேத்தும் அரை நாள் போனாங்க. காலையில சேர்ந்து நடக்கிறாங்களே, அந்த சிநேகிதிங்களோட."

"எங்க போறாங்களாம்?"

"கேட்டேன். 'வெளிய'ன்னாங்க."

அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடி, வண்டிச் சாவியைத் தேடினான். அது குளிர்பதனப் பெட்டியின் மேல் இருந்தது. எடுக்கப் போனவன், மாமியார் ஒரு பாட்டிலின் வாயில் புனலைச் செருகி, வடித்த ஜவ்வரிசியைச் சரித்துக்கொண்டிருப்பதைக் கண்டான். ஒரு மணிகூடக் கீழே சிந்தவில்லை.

ஜவ்வரிசியைப் போய் யாராவது பாட்டிலில் அடைப்பார்களா என்று தோன்றியது. கேட்கவில்லை. நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும் நாளில் மாமியாரின் சமையலில் மூக்கை நுழைக்க அவனுக்கென்ன தலையெழுத்தா?

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். மாமியார் அவனுக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். பழுப்புப் பச்சையில் முழுக்கைச் சட்டை. காலடியில் ஒரு பை, அவனுடையதைவிடப் பெரியது.

"என்னையும் வண்டியில கூட்டிட்டுப் போயிடுங்க மாப்பிள்ளை."

"வாங்க அத்தை, அதுக்கென்ன. எங்க இறக்கி விடணும்?"

அவர் கையை நீட்டி, மடங்கியிருந்த அவன் காலரைப் பதமாக நிமிர்த்தி, பின்கழுத்தை மூடினார்.

"நேத்து இதே இடத்துல ரெண்டு தடவை சுட்டேன், இன்னைக்காவது கையைத் தூக்குங்க மாப்பிள்ளை."