மறைக்க ஒன்றுமில்லாதவர்கள்

கிரிப்டோ பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை மறைக்கும் மென்பொருளை அரசு தடை செய்யலாமா? கொழிஞ்சாம்பாறையில் எங்கள் கல்லூரியில் இதுதான் பட்டிமன்றம். வகுப்பு தடைக்கு ஓட்டுப் போட்டால், அப்படியொரு மென்பொருள் எழுதும் என் ப்ராஜெக்ட் ரத்து என்று சின்னையன் சார் சொல்லிவிட்டார்.

சிறப்பு விருந்தினர் எஸ்.ஐ. பூபதிராஜா, முன்வரிசையில் டைரியோடு உட்கார்ந்திருந்தார்.

"யோக்கியனுக்கு மறைக்க என்னங்க இருக்குது? மறைக்கறவன் யாருன்னு தோண்டி எடுத்தே ஆகோணும்" என்றார்.

"பொள்ளாச்சி பஸ்ஸுல கடத்தல்காரனுந்தான் ஏறறான். அதுக்காக பஸ்ஸுக்கு பாடி கட்டுனவரப் புடிப்பீங்களா சார்?" என்றேன்.

"தம்பி பேரென்ன?" டைரியைத் திறந்தார்.

"தனபாலுங்க."

எழுதிக்கொண்டார்.

"தடை வேணுங்கறவங்க கை தூக்குங்க" என்றார் சின்னையன் சார்.

வகுப்பில் இருந்த நாற்பது பேரும் எஸ்.ஐ.யைப் பார்த்தோம். நாற்பது கைகளும் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது.

"சார், பேரில்லாமச் சீட்டு எழுதிப் போடச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன். சார் சம்மதித்தார். சீட்டுப் பெட்டி முன்வரிசையில் தொடங்கி, கடைசி பெஞ்சு வரை போய் வந்தது.

சின்னையன் சார் எண்ணினார். தடை வேண்டும்: பூஜ்யம். வேண்டாம்: நாற்பத்தொன்று.

என் ப்ராஜெக்ட் பிழைத்தது. ஆனால் சார் எங்களை முறைத்தார்.

"நாப்பது பேருக்கு நாப்பத்தொண்ணா? நான் போடவே இல்லியே! எஸ்.ஐ. சார், கையெழுத்த வெச்சு ஆளைக் கண்டுபுடிச்சுரலாமுங்க."

எஸ்.ஐ. எழுந்து வந்து, சீட்டுகளை மொத்தமாக வாரித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் தோண்ட வேண்டாமுங்க சார். ஒருத்தரோட ரகசியத்துல நாம தலையிடலாமுங்களா?"